குறுக்கெழுத்துக்குக் கைகொடுக்கும் பட்டியல்கள்



இதழ்களில் வரும் குறுக்கெழுத்துப் புதிரை நம்மில் பலர் ஆவலுடன் நிரப்பத் தொடங்குகிறோம். பாதிக் கட்டங்கள் நிறைந்ததும் எழுதுகோல் நின்றுவிடுகிறது. நமக்கு அறிவு போதாது என்று அப்பொழுது மனந்தளர வேண்டுவதில்லை. அறிந்தவற்றை முறைப்படுத்தி வைக்காமையே பெரும்பாலும் அதற்குக் காரணமாகும்.

1913ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 21ஆம் நாள், 'நியூயார்க் வோர்ல்டு' என்னும் நாளேட்டில் ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட புதிரே இவ்விளையாட்டின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும், இதற்கு உதவும் பட்டியல்களை நம் முன்னோர் பல நூற்றாண்டுகட்கு முன்னரே தொகுத்து வைத்தனர். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் அத்தகையன. திண்ணைப் பள்ளி மாணவர்கள் நிகண்டுச் செய்யுள்களை மனப்பாடம் செய்தே சொல்வளம் பெற்றனர்.

இத்தாலி நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், 1732ஆம் ஆண்டில் சதுரகராதியை இயற்றினார். 'சதுர்' என்றால் நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை என்பன அதன் நான்கு பிரிவுகள். அந்நான்கும் குறுக்கெழுத்து நிரப்புவோர்க்கு வேண்டியவையே என்பது வியப்பிற்குரியது.

பெயர்ப் பிரிவு ஒரு சொல்லின் பொருள்களைக் கூறும். பொருட்பிரிவு ஒரு பொருளுக்குரிய பல சொற்களைக் கூறும். தொகைப் பிரிவு, அறுசுவை போன்று எண்ணால் வழங்கும் தொகுதிகளை விரித்துரைக்கும். தொடைப் பிரிவு, இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகைச் சொற்களை அடுக்கித் தரும். புதிரில் இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்து மற்றவை தெரியாதபோது நாம் தேடுவதும் அத்தகைய பட்டியலைத்தானே?

இனி, நாமே ஒரு குறிப்பேட்டில் பட்டியல் எழுதும் முறையைக் காண்போம். சொற்களை எழுத்தெண்ணிக்கைப்படி பிரித்தெழுதுதல் வேண்டும். புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. ஆகவே, 'ஈப்போ' மூன்று கட்டம். 'தைப்பிங்' நான்கு கட்டம். 'கோலாகங்சார்' ஆறு கட்டம்.

கடலைக் குறிக்கும் சொற்கள்:
2 எழுத்து – ஆழி
3 எழுத்து – பரவை, பௌவம்
4 எழுத்து – முந்நீர், ஆர்கலி
5 எழுத்து – அளக்கர்

அறுசுவை:
3 எழுத்து – கைப்பு
4 எழுத்து – இனிப்பு, புளிப்பு, கார்ப்பு
5 எழுத்து – உவர்ப்பு, துவர்ப்பு

ஏழிசை:
2 எழுத்து – உழை, இளி
3 எழுத்து – குரல், விளரி, தாரம்
4 எழுத்து – துத்தம், கைக்கிளை

மூன்றெழுத்தில் ஒரு சுவை என்று கேட்டால், 'கைப்பு' என உடனே எழுதிவிடலாம். இரண்டெழுத்தில் ஓர் இசை என்றால் 'உழை', 'இளி' என இரண்டு விடைகள் உள்ளன. குறுக்கே வரும் சொல்லின் எழுத்தைக் கொண்டே அவற்றுள் ஒன்றைத் துணிதல் வேண்டும். அதற்கு முன் எழுதுவது அவசரமாகும்.

பொது அறிவுப் பட்டியலில் ஆண்டையும் சேர்த்தெழுதுதல் இன்றியமையாதது. நம் பேராக் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1937ஆம் ஆண்டில் அதன் தலைநகரம் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறியது. தெலுக் ஆன்சன் என்று வழங்கிய ஊர், 1982ஆம் ஆண்டில் தெலுக் இந்தான் ஆயிற்று. 1885ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குச் சென்றது. அவ்வூரின் இன்றைய பெயர் கோலா செப்பெத்தாங். பழைய பட்டியலை அப்படியே நம்புவோர் விடையில் தவறுவர். எனினும், பழைய பெயரை அடித்துவிடுதலும் கூடாது. 'முன்னாள் பெயர்' என்று குறித்து வைத்தால் இருவகை வினாவுக்கும் விடை கிடைக்கும்.

இறுதியாக ஒன்று. எந்த நிகண்டிலும் இல்லாத ஒரு பட்டியல் நம் வீட்டிலேயே உள்ளது. பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. அங்கு நாள்தோறும் வழங்கிய சொற்கள் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன.

மங்கு (3) – மரத்திலிருந்து வடியும் பாலை ஏந்தும் கிண்ணம்
கிராணி (3) – தோட்டத்துக் கணக்கர்
பெரட்டு (4) – விடியுமுன் பெயர் கூப்பிடும் கூட்டம்
கங்காணி (4) – ஆட்களை மேற்பார்ப்பவர்
ஒட்டுப்பால் (6) – மங்கிலும் வெட்டிலும் உறைந்த பால்

இப்பட்டியல் முற்றுப்பெறவில்லை. இதனை நீட்டத்தக்கவர்கள் நம் தாத்தாக்களும் பாட்டிகளுமே ஆவர். அவர்கள் வாழ்ந்த தோட்டத்தை ஆட்கள் தமக்குள் எப்பெயரிட்டு அழைத்தனர் என்பதையும் கேளுங்கள். சதுரகராதியை வீரமாமுனிவர் எழுதிவைத்தார். அதனால் அச்சொற்கள் நம் கைக்கு எட்டின. தோட்டச் சொற்களை நாம் எழுதாவிடில் வேறு யார் எழுதுவார்?

ஆகவே, அன்புச் சிறார்களே, இந்த விடுமுறையிலேயே ஒரு குறிப்பேட்டை எடுத்துப் பாட்டியின் அருகில் அமருங்கள். முதற்பக்கத்தில் நாளையும் ஆண்டையும் எழுதுங்கள். பத்துச் சொற்கள் சேர்ந்ததும் கட்டங்கள் வரைந்து, நம் தோட்டத்துக் குறுக்கெழுத்து ஒன்றை நாமே அமைப்போம். விடை காண்பதில் நம் பெற்றோரும் பாட்டியின் உதவியை நாடுவர்!