ஏடு முழுதும் புரட்டலும் இடமறிந்து எடுத்தலும்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி, திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற திவ்விய தேசமாகும். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்துள் அத்தலம் எங்கெங்குக் கூறப்படுகின்றது என்று அறிய விழைவான் ஒருவன், பதிப்புக்கள் பலவற்றின் இறுதியிலுள்ள பாட்டு முதற்குறிப்பு அகராதியை நாடின் ஏமாற்றமே அடைவான். அவ்வகராதி பாட்டின் முதற்சொல்லை நோக்கி அமைந்தது. தலத்தின் பெயரோ, பெரிய திருமொழியிலும் பெரிய திருமடலிலும் பாட்டின் இடையிலே, 'திரு' என்னும் அடையுமின்றிப் 'புட்குழி' என்றே நிற்கின்றது. ஆகவே அவன் நூல் முழுவதையும் புரட்டல் வேண்டும். தலப்பெயர் அகராதி உளதாயின் உரிய இடங்களை உடனே எடுப்பான்.

கணிப்பொறியின் தரவுத்தளத்திலும் இஃதே நிகழ்கின்றது. முழுதும் புரட்டலை 'ஸ்கேன்' என்றும், 'இண்டெக்ஸ்' என்னும் அகராதி வழியே உரிய இடத்தில் இறங்குதலை 'ஸீக்' என்றும் கூறுவர். போயிங் நிறுவனத்தில் ஆய்வு செய்த ருடால்ப் பேயர், எட்வர்டு மெக்ரைட் என்னும் இருவர் 1970-இல் வெளியிட்ட 'பி-ட்ரீ' அமைப்பால், கோடிப் பதிவுகளிடையேயும் சில படிகளே இறங்கி ஒன்றை அடையலாம்.

ஒரு வினாவுக்கு விடை காணும் வழிகள் பல. அவற்றின் செலவை மதிப்பிட்டு மலிவானதைத் தேரும் முறையை, ஐ.பி.எம். ஆய்வாளர் பட்ரீசியா ஸெலிங்கர் முதலியோர் 1979-இல் விளக்கினர். அங்ஙனம் தேர்ந்த வழியைக் காட்டுவதே நிறைவேற்றுத் திட்டம். போஸ்ட்கிரெஸ் தளத்தில் 'எக்ஸ்பிளெய்ன்' என்னும் கட்டளை அதனைத் தரும். 'அனலைஸ்' என்பதையும் சேர்ப்பின், வினாவை நடத்தி மெய்க்கணக்கையும் காட்டும்.

அதனைப் படிக்குங்கால் நாம் நோக்க வேண்டுவன மூன்று. முதலாவது, படித்த பதிவுகள் எத்தனை, விடையாயின எத்தனை என்பது. நாலாயிரம் படித்து இரண்டே கிடைப்பின், ஏற்ற இண்டெக்ஸ் இல்லை என்றோ, இருப்பதை வினா பயன்கொள்ளவில்லை என்றோ ஐயுறலாம். சொல்லின் நடுப்பகுதியைக் கொண்டு தேடுவார்க்கு முதலெழுத்து வரிசை உதவாதன்றோ? இரண்டாவது, மதிப்பீடும் மெய்க்கணக்கும் பெரிதும் வேறுபடின் தளத்தின் புள்ளிக்குறிப்புக்கள் பழமைப்பட்டிருத்தல் கூடும். மூன்றாவது, பெயரால் மயங்கலாகாது, எஸ்.க்யூ.எல். ஸர்வர் 'ஸீக்' என்பதனைப் போஸ்ட்கிரெஸ் 'இண்டெக்ஸ் ஸ்கேன்' என்றே குறிக்கும்.

ஸ்கேன் எல்லாம் குற்றமுமன்று. பாசுரங்களுள் வரும் தலங்கள் அனைத்தையும் தொகுப்பான், அகராதிக்கும் ஏட்டிற்குமாக அலைதலினும் முதலிலிருந்து படித்துச் செல்லுதலே எளிது. இண்டெக்ஸ்களை மிகப் பெருக்குதலும் தகாது. புதுப்பதிவு சேருந்தோறும் அவையனைத்தையும் திருத்த நேரும்.

ஆதலின் மாணவர்காள், வினா தாமதிக்குமாயின் இண்டெக்ஸைக் கூட்ட விரையாது, முதற்கண் திட்டத்தைப் படியுங்கள். எதனைத் தேடுகின்றோம் என்பதற்கு இயைய அமைந்த அகராதியே பயன்படும்.