முற்றத்து வாதுமை சிவக்கும் காலம்

மாரி ஓய்ந்து தை பிறந்த பின்னர், தெல்லிப்பழையில் வாதுமை மரமொன்றின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் அக்காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். சாண் நீளத்துக்கும் மேற்பட்ட அகன்ற இலைகள் மஞ்சளாகி, செம்பு நிறங்கொண்டு, ஈற்றிலே குருதிச் சிவப்பாய் உதிர்கின்றன.

கனடாவிலுள்ள உறவினர் ஐப்பசியில் அனுப்பும் மேப்பிள் மரப் படங்களைக் கண்டு, “இம்மரம் இங்கே வளராதோ?” என மாணவர் சிலர் எம்மைக் கேட்டதுண்டு. 1965 ஆம் ஆண்டில் அந்நாடு தன் கொடியிலே பொறித்துக்கொண்ட இலை அது. குளிர்காலத்தில் உறங்கிப் பழகிய அம்மரம் எங்கள் வெயிலைத் தாங்காது. ஆயினும் நிறம் மாறும் விதம் இரண்டுக்கும் ஒன்றே. உதிருமுன் இலையிலுள்ள சத்தை மரம் கிளைக்குள் இழுத்துக்கொள்கின்றது. பச்சையம் சிதைகின்றது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது, சிவப்போ அவ்வேளையில் புதிதாக உண்டாவது. அங்கே குளிர் செய்யும் வேலையை இங்கே வறட்சி செய்கின்றது.

லின்னேயசு 1767 இல் ‘தெர்மினலியா கட்டாப்பா’ எனப் பெயரிட்ட மரம் இதுவே. கடையில் வாங்கும் பாதாம் பருப்பு வேறு மரத்தினது.

1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களுக்கு, 2009 இல் போர் முடிந்த பின்னரே காணிகள் பகுதி பகுதியாகத் திரும்பக் கிடைத்தன. பற்றை வெட்டி வீட்டை ஓர் ஆண்டில் எழுப்பிவிடலாம், நிழலுக்கு அப்படியன்று. மாவும் வேம்பும் வைக்கத்தான் வேண்டும். ஆனால் அவை பெருக்கும்வரை வெயிலில் இருப்பதா? விரைந்து வளரும் வாதுமை, நல்ல இடத்தில் மூன்று நான்கு ஆண்டுகளிலே காய்க்கவும் தொடங்கும். கிளைகள் தட்டுத்தட்டாய் விரிவதால் குடை பிடித்தாற்போன்ற நிழல். தை, மாசியில் இலையுதிர்த்தாலும் சில வாரங்களில் தளிர்த்துவிடுமாதலால், சித்திரை வெயிலுக்கு நிழல் ஆயத்தமாயிருக்கும்.

புதிதாய் விழுந்த பழத்தை ஐப்பசி மழையோடு ஆழமின்றிப் புதைத்தால், ஒரு மாத அளவில் முளைக்கும். எங்கள் செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல் கிடப்பதால், கன்றை நடுமுன் அலவாங்கு கொண்டு கிடங்கை நன்றாய் அகட்டுக. உவர்க்காற்றுக்கு இது அஞ்சாது. தேங்கும் நீர்தான் ஆகாது. முதலிரு கோடைகளில் மட்டும் தண்ணீர் தவறக்கூடாது.

நாம் செய்த பிழையையும் சொல்லிவிடுகின்றோம். அழகை எண்ணிக் கிணற்றடியிலே வைத்தோம். ஆண்டுதோறும் கிணறு நிறையச் சருகு! வேர் வந்து சீமெந்துத் தரையையும் கிளப்பிற்று. ஆகவே கிணற்றுக்கும் சுவருக்கும் எட்ட, வளவின் திறந்த பக்கத்தில் வையுங்கள்.

சருகை எரிக்கவேண்டாம். உக்கச் சற்றுக் காலமெடுப்பினும் தென்னைக்குத் தாழ்க்கலாம். மீன் தொட்டி வைத்திருப்போர், நீருக்கு நல்லதென்று காய்ந்த இலையைத் தேடி வாங்குகின்றனர். பழத்தின் சதையை இரவிலே வௌவால் தின்றுபோகும். காலையில் பிள்ளைகள் கொட்டையைக் கல்லில் வைத்துக் குத்துவார்கள்; பருப்பிற் பாதி நசிந்துபோகும், மீதி வாய்க்குள் போகும்.