கண்ணில் படாத சொற்களை எண்ணலாமா?

மழை பெய்யும் மாலை நேரம். வெளியே சென்று விளையாட இயலாது. நண்பர்கள் சிலர் கூடியிருக்கிறீர்கள். ஆளுக்கொரு தாளும் பென்சிலும் இருந்தால் ஒரு நல்ல விளையாட்டைத் தொடங்கிவிடலாம். நீளமான சொல் ஒன்றைத் தாளின் மேலே எழுதிக்கொள்ள வேண்டும். அதிலுள்ள எழுத்துகளை மட்டும் கொண்டு, மூன்று நிமிடங்களுக்குள் எத்தனை சொற்களை ஆக்க முடியுமோ அத்தனையையும் எழுத வேண்டும். ஓர் எழுத்து மேலேயுள்ள சொல்லில் எத்தனை முறை வருகிறதோ, அதற்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

நேரம் முடிந்ததும் ஒருவர் தம் பட்டியலை உரக்கப் படிப்பார். "எனக்கும் இருக்கிறது!" என்று மற்றொருவர் சொன்னால், இருவருமே அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும். பிறர் கண்ணில் படாத சொல்லுக்கே மதிப்பெண். 1970களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'பாகிள்' விளையாட்டிலும் விதி இதுவே. எழுத்துகள் பொறித்த 16 பகடைகளைக் குலுக்கி, நாலுக்கு நாலு கட்டத்தில் அமரச் செய்வர். மணற்கடிகாரத்தில் மணல் வடிவதற்குள், அடுத்தடுத்துள்ள எழுத்துகளைத் தொடுத்துச் சொற்களைக் காண வேண்டும்.

அடிபட்ட சொற்களால் ஆட்டத்தில் யாருக்கும் பயனில்லை. ஆனால் அவற்றைக் கொண்டு ஒரு வியப்பான காரியத்தைச் செய்யலாம். உங்கள் இருவர் கண்ணிலும் படாத சொற்கள் எத்தனை என்று மதிப்பிடலாம்! காணாததை எப்படி எண்ணுவது என்கிறீர்களா? ஆடியே பார்ப்போம்.

ஓர் ஆட்டம்

'பல்கலைக்கழகம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இதில் ஒன்பது எழுத்துகள் உள்ளன. நீங்கள் எழுதியவை கல், பல், கலை, பழம், பகல், பக்கம் என ஆறு சொற்கள் எனக் கொள்வோம். உங்கள் நண்பர் கல், பல், பழம், கழகம் என நான்கு சொற்களை எழுதியிருக்கிறார். கல், பல், பழம் ஆகிய மூன்றும் இரு பட்டியலிலும் உள்ளன. ஆகவே இருவரும் சேர்ந்து கண்டவை ஏழு சொற்கள்.

இப்போது உங்கள் பட்டியலை ஒரு சோதனைத்தாளாகக் கருதுங்கள். அதிலுள்ள ஆறு சொற்களில் மூன்றை, அதாவது பாதியை, நண்பர் தாமாகவே கண்டிருக்கிறார். அவர் உங்கள் பட்டியலைப் பார்க்கவில்லை. ஆகவே மறைந்திருக்கும் எல்லாச் சொற்களிலும் ஏறக்குறையப் பாதியையே அவர் கண்டிருப்பார் என்று கொள்ளலாம் அல்லவா? அவர் கண்டவை நான்கு. நான்கு என்பது பாதி என்றால் மொத்தம் எட்டு! ஏழைக் கண்டுவிட்டீர்கள், இன்னும் ஒன்று எஞ்சியிருக்க வேண்டும்.

இதையே சூத்திரமாகச் சொன்னால், இருவரின் எண்ணிக்கைகளையும் பெருக்கி, பொதுவான சொற்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 6ஐ 4ஆல் பெருக்கினால் 24; அதை 3ஆல் வகுத்தால் 8. பொதுவான சொற்கள் மிகுந்தால் மொத்தம் குறையும். அவை குறைந்தால் மொத்தம் பெருகும். ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லையென்றால் வகுக்கவே முடியாது. இருவரும் ஒரு பெருங்குவியலின் ஓரத்தை மட்டுமே தொட்டிருக்கிறீர்கள் என்பது அதன் பொருள்.

மீனும் புலியும் அச்சுப்பிழையும்

1896இல் டென்மார்க் நாட்டு உயிரியலறிஞர் பீட்டர்சன், மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு நீரில் விட்டு ஆராய்ந்தார். அடையாளமிட்ட மீன்களை விட்டபின் மீண்டும் வலை வீசினால், அவற்றுள் சில மறுபடி சிக்கும். முதல் வலை உங்கள் பட்டியல். இரண்டாம் வலை நண்பரின் பட்டியல். இரண்டிலும் சிக்கியவை பொதுச் சொற்கள். ஏரியை வற்றச் செய்யாமலே மீன்களை மதிப்பிட இவ்வழி உதவுகிறது. ஒரு புலியின் வரிகள் மற்றொரு புலிக்கு இருப்பதில்லையாதலால் புலிக்கு அடையாளமும் இட வேண்டியதில்லை. காட்டில் தானியங்கிக் கேமராக்கள் எடுக்கும் படங்களே போதும். இந்தியாவில் 2006 முதல் நடந்துவரும் புலிக் கணக்கெடுப்பில் இம்முறை பயன்படுகிறது. கணித அறிஞர் போல்யா 1976இல் இதை அச்சுப்பிழைகளுக்குப் பொருத்திக் காட்டினார். ஒரே அச்சுப்படியை இருவர் தனித்தனியே திருத்தினால், இருவருமே தவறவிட்ட பிழைகள் எத்தனை என்று மதிப்பிடலாம்.

எங்கே சறுக்குகிறது?

நம் ஆட்டத்துக்குத் திரும்புவோம். எஞ்சியது ஒன்று என்றது கணக்கு. தேடிப் பாருங்கள். 'பழக்கம்' கிடைக்கிறது. 'கழல்' கிடைக்கிறது. ஆரவாரம் என்று பொருள்படும் 'கம்பலை'யும் கிடைக்கிறது. மூன்று! மொத்தம் குறைந்தது பத்து. கணக்கு ஏன் குறைத்துச் சொன்னது?

எல்லாச் சொற்களும் ஒரே அளவில் கண்ணில் படும் என்று நாம் கொண்டதே காரணம். 'கல்' யாருக்கும் உடனே தோன்றும். 'கம்பலை' எளிதில் தோன்றாது. எளிய சொற்களில் இருவரும் சந்தித்துக்கொள்வதால் பொது எண்ணிக்கை உயர்கிறது, மதிப்பீடு தாழ்கிறது. தந்திரக்கார மீன் எந்த வலையிலும் சிக்காததும் இப்படித்தான்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. எளியவற்றையும் அரியவற்றையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். ஈரெழுத்துச் சொற்களில் உங்களுக்கு மூன்று, நண்பருக்கு இரண்டு, பொது இரண்டு, மதிப்பீடு 3. நீண்ட சொற்களில் உங்களுக்கு மூன்று, நண்பருக்கு இரண்டு, பொது ஒன்று, மதிப்பீடு 6. கூட்டினால் 9. உண்மைக்கு ஒரு படி நெருங்கிவிட்டோம். இவ்வளவு சிறிய எண்களில் தற்செயலுக்கும் பங்குண்டு என்பதை மறக்கலாகாது. பட்டியல் நீள நீள மதிப்பீட்டின் உறுதியும் கூடும்.

ஒரு நிபந்தனை முக்கியம். பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது! பார்த்து எழுதினால் பொதுச் சொற்கள் பெருகும். காண வேண்டியதையெல்லாம் கண்டுவிட்டோம் என்ற பொய்யான நிறைவுதான் மிஞ்சும். இருவர் தனித்தனியே தேடினால்தான், இருவருக்கும் தெரியாதது எவ்வளவு என்பது தெரியவரும்.

அடுத்த முறை ஆடும்போது அடிபட்ட சொற்களையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சியவை எத்தனை என்று கணக்கிட்டுவிட்டு, நண்பரோடு சேர்ந்து அவற்றைத் தேடுங்கள். 'பல்கலைக்கழக'த்தில் நான் காணாத சொல்லும் உங்களுக்கு அகப்படலாம்.