மரை கழன்ற கதை

"அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று ஒருவரைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்கிறோம். பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் ஆணியிலிருந்து பிறந்த வழக்கு இது. ஆணி சுற்றும், ஆனால் இறுகாது. இதைக் கையால் உணர்ந்தவர்களுக்கு அந்தக் கணத்தின் திகைப்பு தெரியும்.

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவி சோதனை நடந்துகொண்டிருந்தது. காசிமேட்டிலிருந்து வரும் மாணவன் ஒருவன் கருவியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். காரணம் கேட்டேன். "நேத்து அப்பாவோட போட் எஞ்சின்ல ஒரு போல்ட்டை நான்தான் டைட் பண்ணேன் சார். கொஞ்சம் தண்ணி கசிஞ்சுதேன்னு இன்னும் ஒரு சுத்து சுத்தினேன். திடீர்னு லூசாயிடுச்சு. அப்பா கடலுக்குப் போகல" என்றான். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் பகுதியின் மூடி அது. மூடி இறுகாவிட்டால் நீர் கசியும். எஞ்சின் சூடேறி நடுக்கடலில் நின்றுவிடும். அந்த அலுமினியப் பாகம் முழுவதையும் மாற்றுவதென்றால் பெருஞ்செலவு.

அவன் செய்த தவறு என்ன? அதற்குப் பரிகாரம் உண்டா? இரண்டுக்கும் விடை அவன் முன்னால் இருந்த திருகு அளவியிலேயே இருந்தது.

சுருட்டி வைத்த சாய்தளம்

ஒரு காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டிப் பென்சிலின் மீது சுற்றிப் பாருங்கள். அதன் சாய்ந்த விளிம்பு, ஏறிச் செல்லும் ஒரு புரியாக அமையும். திருகு என்பது சுருட்டி வைக்கப்பட்ட சாய்தளமே. ஒரு முழுச் சுற்றுக்கு ஆணி முன்னேறும் தொலைவைப் புரியிடைத் தூரம் என்கிறோம். நம் திருகு அளவியில் இது வழக்கமாக 1 மில்லிமீட்டர். இயந்திரங்களில் மிகுதியாகப் பயன்படும் 6 மில்லிமீட்டர் போல்ட்டிலும் அதே 1 மில்லிமீட்டர்தான்.

15 சென்டிமீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் 5 கிலோ எடை அளவு விசை கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்பானரின் நுனி ஒரு சுற்றில் ஏறத்தாழ 94 சென்டிமீட்டர் நகர, போல்ட் 1 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. உராய்வே இல்லையென்றால் போல்ட்டில் 4,700 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை உண்டாகும்! நல்லவேளையாக, போல்ட்டின் தலையடியிலும் புரிகளிலும் உள்ள உராய்வு இதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவே சுமார் 600 கிலோ. சாதாரணமாகக் கைகொடுத்து இறுக்கும்போதே சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத போல்ட்டில் இவ்வளவு பளு ஏறிவிடுகிறது. "இன்னும் ஒரு சுற்று" என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறதல்லவா?

எது முதலில் அறுகிறது?

இறுக்கப்பட்ட போல்ட் ஒரு விறைப்பான ரப்பர் போலச் சற்றே நீளுகிறது. துளையின் உலோகமோ அமுங்குகிறது. இதனால் இரண்டின் புரிகளும் சரிசமமாக ஒத்துப்போவதில்லை. வாய்ப்பக்கம் உள்ள முதல் புரி மட்டுமே மொத்தப் பளுவில் சுமார் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. ஆறாவது புரிக்கு மேல் போய்ச் சேருவது மிகச் சொற்பம். முதல் புரி அறுந்தால் அதன் சுமை இரண்டாவதின் தலையில் விழும்; அதுவும் அறும். உடுப்பின் தையல் பிரிவதுபோல வரிசையாகப் போய்விடும்.

போல்ட் எஃகு, துளை அலுமினியம். எஃகு பல் மென்மையான அலுமினியப் பல்லைச் சீவி எடுத்துவிடும். எனவேதான் எஃகில் போல்ட் தன் விட்டத்தின் அளவு ஆழம் இறங்கினால் போதும் என்றால், அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வேண்டும் என்பார்கள்.

எண்ணூர் முதல் ராயபுரம் வரை வீசும் உப்புக் காற்று இன்னொரு எதிரி. அலுமினியம், எஃகு, நடுவே உப்புநீர் என்று மூன்றும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம்! அதில் அரிபடுவது அலுமினியம். பழைய போல்ட்டைக் கழற்றும்போது துளையிலிருந்து உதிரும் வெண்பொடி இப்படி அரிபட்ட அலுமினியந்தான்.

ஒன்றுபோல் தோன்றும் இரண்டு

மரை கெடுவதற்குச் சரித்திரக் காரணமும் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வைத்திருந்தது. 1841-ல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணம் கொண்ட பொது மரையை முன்மொழிந்தார். 1864-ல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை என்றார். ஒருமைப்பாடு இல்லாததன் விலை 1904-ல் பால்டிமோர் நகரம் தீப்பற்றியபோது தெரிந்தது. உதவிக்கு ஓடிவந்த வெளியூர்த் தீயணைப்புப் படைகளின் குழாய்கள் பல, அந்நகரின் நீர்க்குழாய் வாயில்களில் பொருந்தவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன.

நம் வடசென்னைக்கும் இதில் பங்குண்டு. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்களை உருவாக்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பின்னர் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். பிரிட்டிஷ் வடிவமைப்பாதலால் பழைய புல்லட்டுகளில் அங்குல மரைகளே அதிகம். நம் நாடோ 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மெட்ரிக் அளவுகளுக்கு மாறியது.

இதனால் வரும் குழப்பத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் நுண்மரையில் கால் அங்குல போல்ட்டின் விட்டம் 6.35 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 26 புரிகள், அதாவது புரியிடைத் தூரம் 0.977 மில்லிமீட்டர். மெட்ரிக் போல்ட்டுக்கு 6, 1 மில்லிமீட்டர்கள். கால் அங்குலத் துளையில் 6 மில்லிமீட்டர் போல்ட் தாராளமாக நுழையும், சில சுற்றுகள் ஓடும், இறுகுவதுபோலவும் தோன்றும். ஆனால் பற்கள் நுனியோடு நுனியாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். பளு ஏறியதும் நுனிகள் சீவப்பட்டுவிடும்.

கம்பிச்சுருள் வைத்தியம்

கெட்ட துளைக்கு நூல் சுற்றித் திணிப்பதும், பசை அப்புவதும் நம்மவர் வழக்கம். பளு தாங்க வேண்டிய இடத்தில் இவை பயன்படா. பெரிய துளை போட்டுப் பெரிய போல்ட் போடலாம். ஆனால் மூடியின் துளையையும் பெரிதாக்க வேண்டிவரும். மாணவனை நான் அழைத்துச் சென்ற லேத்துப் பட்டறைப் பெரியவர் செய்தது வேறு.

கெட்ட துளையை 6.3 மில்லிமீட்டர் டிரில்லால் சீராக்கினார். அதற்கென்றே உள்ள டேப்பில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாகப் புதிய மரை வெட்டினார். பிறகு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாலான சிறு சுருள் ஒன்றை எடுத்தார். கம்பியின் குறுக்குவெட்டு வட்டமல்ல, சாய்சதுரம். அதன் வெளிமுகம் புதிய மரையில் பதியும். உள்முகமே 6 மில்லிமீட்டர் மரையாக அமையும். சுருள் துளையைவிடச் சற்றுப் பெரியது. திருகி உள்ளே இறக்கும்போது ஒடுங்கி, விட்டதும் விரிந்து சுவரைப் பற்றிக்கொண்டது. அடியில் இருந்த சிறு வாலை ஒடித்து வெளியே எடுத்தார். அதே பழைய அளவு போல்ட் அதில் அழகாக இறங்கியது.

"தம்பி, இது பழசைவிட நல்லா நிக்கும்" என்றார் அவர். உண்மைதானா? கணக்குப் போடுவோம். மரை அறுபட வேண்டுமானால் அலுமினியம் ஓர் உருளைப் பரப்பில் சறுக்கிப் பெயர வேண்டும். அப்பரப்பு ஏறத்தாழ 3.14 × விட்டம் × ஆழம். பழைய துளையில், 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு, அது 188 சதுர மில்லிமீட்டர். புதிய மரையின் வெளி விட்டம் சுமார் 7.3 மில்லிமீட்டர்; எனவே பரப்பு 229. புரிகளுக்கிடையே வெற்றிடம் இருப்பதால் உண்மைப் பரப்பு இரண்டிலுமே குறைவு. ஆனால் விகிதம் மாறாது. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வலிமை! மேலும் சுருள் சற்றே வளைந்து கொடுப்பதால், பளு முதல் புரியோடு நிற்காமல் மற்றப் புரிகளுக்கும் பரவுகிறது. போல்ட் உரசுவதும் இப்போது எஃகின் மீதுதான். பெரியவரின் அனுபவமும் இயற்பியலும் ஒன்றையே சொல்கின்றன.

பட்டறைகளில் மட்டுமன்று, விமான எஞ்சின்களின் இலேசான உலோகப் பாகங்களில் புதிதாகச் செய்யும்போதே இத்தகைய சுருள்களைப் பொருத்துவதும் உண்டு. ஆயினும் துளையைச் சுற்றி விரிசல் கண்டிருந்தால் இந்த வைத்தியம் கூடாது. பாகத்தை மாற்றுவதே முறை.

கடைசியாக ஒன்று. திருகு அளவியின் தலையில் ஒரு சிறிய பற்சக்கரத் திருகு உண்டு. குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் "டிக், டிக்" என்று நழுவி, அதற்குமேல் இறுக்கவிடாது. அளவு கெடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. தொழிற்சாலைகளில் போல்ட் இறுக்கும் முறுக்களவு ஸ்பானர்கள் பலவற்றிலும் இதே தத்துவந்தான். அது இல்லாதவர்கள் எந்தப் போல்ட்டையும் முதலில் விரலாலேயே சில சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். விரலுக்கு மசியாவிட்டால் மரை வேறு என்று பொருள். பிறகு சிறிய போல்ட்டுக்குச் சிறிய ஸ்பானர். கசிவு நிற்கவில்லையென்றால் போல்ட்டைக் கோபித்துக்கொள்ளாமல் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

அந்தப் படகிலும் குறை கேஸ்கட்டில்தான் இருந்தது. புதியது போட்டதும் கசிவு நின்றது. மறுநாள் விடியுமுன் படகு கடலுக்குப் போயிற்று. மாணவன் சோதனையைச் செய்து முடித்தான். பற்சக்கரம் "டிக்" என்றபோது அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.