படைப்பணியும் மருத்துவ மேற்படிப்பும்

“மகன் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் சேர விரும்புகிறான். படைப்பணியைத் தள்ளிவைத்து உடனே எம்.டி. படிக்கலாமா?” எனத் தென்னூரில் எங்களிடம் டயாலிசிஸுக்கு வரும் பெற்றோர் வினவுவதுண்டு.

நம் நாட்டில் கட்டாய இராணுவ சேவை இல்லை. ஆயினும், 1948இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரியில் சேர்வோர் படையில் பணியாற்றப் பிணைப்பத்திரம் எழுதித் தருகின்றனர். முதலில் அதிகாரியாகச் சில ஆண்டுகள் பணி, பிறகு படையின் அனுமதியுடன் மேற்படிப்பு என்பதே இங்கு பொதுவான வழக்கம்.

அமெரிக்காவில், இராணுவ உதவித்தொகையில் பயின்றவர் ஒத்திவைப்புக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வுக் குழு இசைந்தால் பொது மருத்துவமனையில் சிறப்புப் பயிற்சி பெறலாம். அது தள்ளுபடி அன்று. பயிற்சி முடிந்ததும் பணிக்கடனைச் செலுத்தியே ஆகவேண்டும்.

வாரந்தோறும் உடன்வரும் மகன் பின்னர் எவ்வூரில் இருப்பான் என்பது படையின் ஆணையைப் பொறுத்தது. கையொப்பமிடுமுன், துணைக்கு யார் வருவார் என்பதையும் வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள்.