ஒரு நிறுவைக்கு ஒரு பேர்: பெரகலப் பிள்ளைகளின் கணக்கு

பெரகல சந்தியில் ஏ4 பாதை வெல்லவாயப் பக்கம் இறங்குகிறது, ஏ16 ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. இரண்டு பக்கமும் தேயிலை. இந்த மலைகளில் பிறக்கும் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டுமானால் 31.7 என்ற எண்ணிலிருந்து தொடங்கலாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டுச் சராசரி 17.3. 2006-07 ஆய்வில் தோட்டத்தின் எண் 40.2 ஆக இருந்தது. பத்தாண்டில் எட்டரைப் புள்ளி இறங்கியிருக்கிறது. அப்படியும் நாட்டுச் சராசரிக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

உயரம் குறைவு என்றால் எவ்வளவு குறைவு? ஒரு வயதுப் பையனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நடு அளவு 75.7 செ.மீ. 71 செ.மீ.க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியவன். நாலேமுக்கால் சென்டிமீட்டருக்குள்தான் விஷயம் இருக்கிறது. கண்ணால் பார்த்தால், "அப்பனைப் போலச் சின்ன உருவம்" என்று தாண்டிவிடுவோம். அளக்கும் பலகை அப்படித் தாண்டாது.

மருத்துவமாதுவின் கருவிகளில் மிக மலிவானது விநாடி முள்ளுள்ள கைக்கடிகாரம். அம்மாவின் மடியில் பிள்ளை அமைதியாக இருக்க வேண்டும். அழுதாலோ பால் குடித்துக்கொண்டிருந்தாலோ கணக்கு பிழைக்கும். சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குவது குறுக்குவழி. பச்சைப் பிள்ளையின் மூச்சு சீராக ஓடாததால் அந்த வழி ஏமாற்றும். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இவையோ இவற்றுக்கு மேலோ வந்தால் வேகமான மூச்சு. இரண்டு மாதம் நிரம்பாத பிள்ளைக்கு 60ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால் இன்னும் மோசம். குளிருக்குக் கதவடைத்து, உள்ளேயே விறகடுப்பு எரியும் லயத்துக் காம்பராவில் இருமும் பிள்ளைக்கு இந்த ஒரு நிமிடம் பெரிய சோதனை. செலவு சதமும் இல்லை.

பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. வண்டி பிடிக்க வேண்டும்.

வயிற்றோட்டத்துக்கு வேறு கணக்கு. 8 கிலோ பிள்ளைக்கு நீர் ஓரளவு வற்றியிருந்தால் கிலோவுக்கு 75 மி.லீ. வீதம் 600 மி.லீ. ஜீவனிக் கரைசல், நான்கு மணி நேரத்தில். ஐந்து மி.லீ. கரண்டியால் 120 கரண்டி, அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, திரும்ப மெதுவாகத் தொடங்க வேண்டும். கரைத்தது 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். நான்கு மணி நேரம் மடியில் வைத்துக் கரண்டி பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்பதைத்தான் எந்தக் கையேடும் செலவாக எழுதுவதில்லை.

திரிபோஷ சத்துமாவிலும் அப்படி ஒரு எழுதாத செலவு உண்டு. நிறை குறைந்த பிள்ளைக்கு மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு, நாளுக்கு 50 கிராம் வீதம் முப்பது நாளுக்குச் சரி. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அந்த 50 கிராம் மூன்றாகும். உரிய பிள்ளைக்குக் கிடைப்பது 17 கிராம்கூட இல்லை. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று பிள்ளைகள் பார்த்திருக்க ஒன்றுக்கு மட்டும் எப்படி ஊட்டுவாள்?

அடுத்தது அவளுடைய நாள். மகப்பேற்று விடுமுறை 84 நாள். மூன்றாம் பிள்ளை முதல் அது 42 நாளாகவே இருந்தது. 2018 திருத்தம்தான் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக்கியது. விடுமுறை முடிந்தால் பிள்ளை பிள்ளைமடுவத்துக்கு, அம்மா மலைக்கு. ஒரு வயது வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது சட்டம்: பிள்ளைமடுவம் இருந்தால் அரை மணி வீதம், இல்லாவிட்டால் ஒரு மணி வீதம். கொழுந்து மலையிலிருந்து மடுவத்துக்குப் போக கால் மணி, வர கால் மணி என்றால் அரை மணியும் பாதையிலேயே போய்விடும்.

கிளினிக்குக் கணக்குப் போடுவோம். மூன்றாம் மாதம் முதல் பன்னிரண்டாம் மாதம் வரை மாதம் ஒரு நிறுவை என்றால் பத்து நாள். நான்கு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டாம் மாதத் தடுப்பூசிகள் அந்த நாட்களிலேயே அடங்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டம்பர் வர்த்தமானி நாட்சம்பளத்தை 1350 ரூபாயாக்கியது. அந்தச் சம்பளத்தில், போன நாளுக்குப் பேர் (நாட்சம்பளப் பதிவு) விழாவிட்டால் 13,500 ரூபாய். நேரத்தோடு திரும்பி அரைப் பேர் வாங்கினாலும் 6,750. இலவச மருத்துவம் உள்ள நாட்டில், பிள்ளையை நிறுத்துப் பார்க்க ஒரு தாய் கொடுக்கும் விலை இது. பதிவேட்டில் நிறைக்கோடு இரண்டு மாதம் விட்டுப் போயிருந்தால் அவளை ஏசுவதற்கு முன் இந்தத் தொகையை நினைக்க வேண்டும்.

தராசையும் அளவுப் பலகையையும் பிள்ளைமடுவத்துக்கே கொண்டு போனால் இந்தச் செலவு பூச்சியம். அது முடியாத தோட்டங்களில், கிளினிக் அட்டையைக் காட்டும் தாய்க்கு அன்று முழுப் பேர் போட வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுக்கு உட்காரும் சங்கத் தலைவர்கள் இந்த ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கட்டும்.