கோட்பாடும் காணியும்

"இந்தக் காணி யாருக்குச் சொந்தம், சுவாமி?" சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போதெல்லாம் எம் காதில் விழும் கேள்வி இது. 2016ஆம் ஆண்டு மே மாதம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. இப்படி மண்ணை இழந்தவர்கள் வேறிடத்தில் ஒரு துண்டு நிலம் கேட்டால், "அது அரசாங்கக் காணி", "அது கம்பனிக் காணி" என்ற பதில்களே பலருக்கும் கிடைக்கின்றன. இந்தப் பதில்களுக்குப் பின்னால் ஒரு கோட்பாடு நிற்கிறது. ஆகவே, கோட்பாடு என்றால் என்ன என்று இவ்விதழில் சிந்திப்போம்.

கோட்பாடு என்பது ஒரு சமூகம் உண்மையெனக் கொண்டு, பிறருக்குப் போதித்து, அதன்படி நடக்கத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் கருத்தாகும். ஆங்கிலத்தில் இதனை 'டொக்ட்ரின்' என்பர். 'கற்பித்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. 'டொக்டர்' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். மருத்துவரைக் குறிக்கு முன் அது ஆசிரியரையே குறித்தது. புனித அகுஸ்தீனாரைத் திருச்சபை 'மறைவல்லுநர்' என்று அழைப்பதும் இப்பொருளில்தான்.

ஞாயிறு திருப்பலி எத்தனை மணிக்கு என்பது ஓர் ஒழுங்கு மட்டுமே, அதை மாற்றலாம். மனிதர் அனைவரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டனர் என்பதோ கோட்பாடு. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் எனப் போதிப்பதும், பௌத்தம் நான்கு உயர்ந்த உண்மைகளைப் போதிப்பதும் இத்தகையனவே. அரசியலிலும் கோட்பாடு உண்டு. அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் இனிப் புதிய குடியேற்றங்களை அமைக்கக்கூடாது என்று 1823இல் ஜனாதிபதி மன்றோ அறிவித்தது 'மன்றோ கோட்பாடு' எனப்பட்டது. சட்டத்துறையிலோ, சட்டத்தின் சொற்களுக்கு எந்த நோக்கில் பொருள் கொள்வது என நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நெறியே கோட்பாடாகும்.

இனி எமது காணிக்கு வருவோம். சப்ரகமுவ கண்டி இராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. 1815இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியவை என்றது. தலைமுறையாகச் சேனை செய்த கிராமத்தவரிடம் காட்டுவதற்குப் பத்திரம் ஏது? அந்நிலங்கள் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. அவற்றில் வேலைசெய்ய எம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டனர். சிங்களக் கிராமத்தவர் நிலத்தை இழந்ததும், தமிழ்த் தொழிலாளி அந்நிலத்திலேயே உழைத்தும் உரிமையற்றிருந்ததும் 'ஆள்பவனே உரிமையாளன்' என்ற ஒரே கோட்பாட்டின் விளைவுகள். இதை மறந்து இரு சாராரும் ஒருவரையொருவர் குறைகூறுவதில் பயனில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இன் பின் அவற்றில் பெரும்பகுதி பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் விடப்பட்டு, நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே 'கம்பனிக் காணி' எனப்படுவது பெரும்பாலும் குத்தகைக் காணியே.

இவ்விடயத்தில் திருச்சபையும் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவேண்டும். 1452, 1455, 1493ஆம் ஆண்டுகளில் பாப்பரசர்கள் வெளியிட்ட ஏடுகளைக் காட்டி ஐரோப்பிய அரசுகள் பிற மக்களின் நிலங்களைக் கைப்பற்றின. 'கண்டுபிடிப்புக் கோட்பாடு' என்று அதற்குப் பெயர். அது திருச்சபையின் போதனையன்று எனக் கூறி, 2023ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி வத்திக்கான் அதை வெளிப்படையாக நிராகரித்தது. ஐந்து நூற்றாண்டு தாமதம்தான். ஆயினும் பாடம் தெளிவு. மனிதர் தம் நலனுக்காகக் கட்டிய கோட்பாட்டை மனிதர் திருத்தலாம். திருச்சபையின் போதனையோ வேறு. மண்ணுலகின் செல்வங்கள் மக்கள் அனைவருக்காகவும் படைக்கப்பட்டவை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் உரைத்தது. தனியுடைமை எல்லையற்ற உரிமையன்று என 1967இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் எழுதினார்.

எமது நாட்டு நீதிமன்றமும் இவ்வழியில் ஓர் அடி வைத்தது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் பொஸ்பேற் அகழ ஒரு வெளிநாட்டுக் கம்பனியுடன் உடன்படிக்கை செய்ய அரசு முனைந்தது. அதனால் ஆயிரக்கணக்கானோர் வாழ்விடத்தை இழக்கும் நிலை. அவ்வூரின் விவசாயிகளும் ஒரு விகாராதிபதியும் உட்பட எழுவர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதியரசர் அமரசிங்க அளித்த தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. முறையான ஆய்வும் சுற்றாடல் அனுமதியும் இன்றி உடன்படிக்கை செய்யக்கூடாது என நீதிமன்றம் கட்டளையிட்டது.

அத்தீர்ப்பின் அடியில் இருந்தது 'பொது நம்பிக்கைப் பொறுப்பு' என்னும் கோட்பாடு. தோட்டத்து மாரியம்மன் கோயிலை நினைத்துப் பாருங்கள். நகைப்பெட்டியின் திறப்பு தர்மகர்த்தாவிடம் இருக்கும், நகை அவருடையதன்று. விற்க நினைத்தால் ஊர் கணக்குக் கேட்கும். அவ்வாறே இயற்கை வளங்களுக்கு அரசு காவலன், உரிமையாளர் மக்கள். அரசன் நிலத்தின் காவலனே என்று மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்குப் போதித்ததாக மகாவம்ச மரபு கூறுவதை, இலங்கையரான நீதியரசர் வீரமந்திரி 1997இல் சர்வதேச நீதிமன்றத்திலேயே எடுத்துரைத்தார்.

இக்கோட்பாடு உங்கள் கையில் காணி உறுதியைத் தந்துவிடாது. பொய் நம்பிக்கை ஊட்ட நாம் விரும்பவில்லை. ஆனால் கேள்வி கேட்கும் தகுதியை அது தருகிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உங்கள் பகுதிக் காணி பற்றிய முடிவுகளைப் பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும். பணமில்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவை உடனே நாடுங்கள். தனியாகப் போகாமல், எப்பாவல மக்களைப் போல் சேர்ந்து போங்கள்.

"இது அரசாங்கக் காணி" என்று அடுத்தமுறை யாரேனும் சொன்னால், "ஆம், அரசாங்கம் எங்களுக்காகக் காக்கும் காணி" என்று பணிவோடு பதில் சொல்லுங்கள்.